வாசகர் கேள்வி பதில்: ஒரே கூடத்தில் பல வீடியோக்கள்

கேள்வி: பல நாட்டுக் கலைஞர்களின் வீடியோ படைப்புகளை ஒரே கூடத்தில் வைக்கப் போகிறோம். ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குள் போகாமல் இருக்க என்ன வழி?

பதில்: எந்தப் படைப்பு எந்தச் சுவரில் என்று முடிவு செய்வதற்கு முன்பே இதைக் கேட்டீர்கள், நல்லது. குழுக் கண்காட்சிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது படத்தால் அல்ல, சத்தத்தால்தான். முதலில் படைப்புகளை ஒலியை வைத்துப் பிரியுங்கள்: சத்தமே இல்லாதவை, பேச்சு உள்ளவை, அடிநாதம் (தாழ்ந்த, கனத்த ஒலி, bass) அதிரும் இசை உள்ளவை. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் கூர்மையான ஒலிகளை நன்றாக உறிஞ்சும். அடிநாதத்துக்கு அவை தடையே இல்லை. மேலே திறந்திருக்கும் தடுப்புச் சுவரையும் அது தாண்டி வரும். அதனால் அதிரும் படைப்புக்குக் கூரைவரை மூடிய அறையைக் கொடுங்கள். அதையொட்டி மௌனப் படைப்பை வைக்காதீர்கள், அதுதான் முதலில் அடிபடும். பேச்சுள்ள படைப்பைச் சிறிய திரையில் ஓட்டி, இரண்டு ஹெட்போன் மாட்டுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், உடன் வந்தவர் பொறுமையிழந்து இருவரையும் நகர்த்திவிடுவார்.

ஒலி அளவை ஒவ்வொன்றாக வைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு வையுங்கள். திறந்த பிறகு, கூட்டம் இருக்கும்போது மறுபடி கேளுங்கள். மனித உடல்கள் ஒலியை உறிஞ்சும் என்பதால் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். இறுதி எண்களை எழுதி வையுங்கள், யாராவது கட்டாயம் திருகுவார்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கோப்பில், கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் திக்குகிறது. கோப்பில் கோளாறா?

பதில்: கோப்பு சரியாகத்தான் இருக்கும். அங்கே எடுக்கப்படும் வீடியோ பெரும்பாலும் நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்). உங்கள் பிளேயர் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்பினால் ஒரு ஃப்ரேமுக்கு 2.4 முறை என்று கணக்கு வருகிறது. ஆக சில ஃப்ரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். கண்ணில் படும் திக்கல் அதுதான். பிளேயரின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போய்விடும். கோப்பை 30 ஃப்ரேமாக மாற்றித் தரச் சொல்லாதீர்கள், திக்கல் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ஆகவே படைப்பை இரவல் வாங்கும் கடன் ஒப்பந்தத்தோடு அனுப்பும் படிவத்தில் ஃப்ரேம் வேகம், பட விகிதம், ஒலித் தடங்களின் எண்ணிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய டேப் படைப்புகள் 4:3 விகிதத்தில் இருக்கும். அவற்றை அகலத் திரை நிரம்ப இழுத்தால் முகங்கள் உப்பிவிடும். இரு பக்கமும் கறுப்பாகவே விடுங்கள்.

கேள்வி: 3 மீட்டர் அகலப் படத்துக்குப் புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும்?

பதில்: லென்ஸின் வீச்சு விகிதத்தை (throw ratio, தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) படத்தின் அகலத்தால் பெருக்குங்கள். விகிதம் 1.5 என்றால் 4.5 மீட்டர், 0.5 என்றால் 1.5 மீட்டர். இப்படிக் கிட்டத்திலிருந்தே பெரிய படம் தரும் குறுவீச்சு லென்ஸுக்குச் சுவர் துல்லியமாகச் சமதளமாக இருக்க வேண்டும், சிறு மேடும் படத்தின் ஓரத்தை வளைத்துக் காட்டிவிடும்.

கேள்வி: எதிரெதிர் சுவர்களில் ஓடும் இரு திரைப் படைப்பு, காலையில் சரியாகவும் மாலையில் விலகியும் ஓடுகிறதே?

பதில்: தனித்தனி பிளேயர்கள் தத்தம் கடிகாரத்தில் ஓடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நழுவுகின்றன. நெட்வொர்க் கேபிளால் இணைத்து ஒன்றை முன்னோடியாகவும் மற்றதைப் பின்தொடரவும் வையுங்கள். ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாட் 1998இல் செய்த 'டர்புலன்ட்' போன்ற படைப்பில், ஒரு திரையில் ஆண் பாட எதிர்த்திரையில் பெண் காத்து நிற்கிறாள். அங்கே சில நொடிகள் நழுவினாலே படைப்பின் பொருள் சிதைந்துவிடும். இரு கோப்புகளிலும் ஃப்ரேம் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பார்வையாளர் எந்த இடத்திலிருந்தும் பார்க்கத் தொடங்கலாமா?

பதில்: முடிவில்லாமல் சுற்றி ஓடும் லூப்பாகவே உருவானதென்றால் தாராளமாக. தொடக்கமும் முடிவும் உள்ளதென்றால் அறிமுக அட்டையில் கால அளவையும், வாசலில் அடுத்த காட்சி தொடங்கும் நேரத்தையும் எழுதுங்கள். 20 நிமிடத்துக்கு மேற்பட்ட படைப்புக்கு முதுகு சாயும் இருக்கை வேண்டும்.