முகூர்த்தத்துக்கு இருபது நாள்: ஒரு வாசகியின் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 26. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு இன்னும் 20 நாள்தான் இருக்கிறது. கன்னத்தில் பரு, பரு போன இடமெல்லாம் கறுப்பு. தலையில் பொடுகு, காலில் பித்தவெடிப்பு. எல்லாவற்றையும் விடக் கழுத்துதான் கவலை. முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கறுத்துக் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் கலந்து ஒரு வாரம் தேய்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். கூட வேலை பார்க்கும் தோழி ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறாள். மெடிக்கலில் வாங்கியது. ஐந்தே நாளில் அவள் முகம் பளிச்சென்று ஆனதை நானே பார்த்தேன். போடலாமா? அம்மா கடலை மாவு போதும் என்கிறார். நீங்கள் பார்லர் நடத்தியவர், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வாழ்த்துகள். அடுத்து அந்த ட்யூப்.

அட்டையைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற இரண்டும் சேர்ந்திருந்தால், அது மங்கு வந்தவர்களுக்குத் தோல் டாக்டர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிற மருந்து. உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டு பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பு அடங்கும், பருவின் வீக்கம் வற்றும், நிறமும் கொஞ்சம் வெளுக்கும். ஐந்து நாளில் பளிச்சென்று ஆவது அதனால்தான்.

சிக்கல் அதற்கப்புறம். வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும். பார்லரில் இப்படிப்பட்டவர்களை நாற்காலியில் உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். புருவத்தில் நூலை வைத்து இழுப்பதற்குள் அந்த இடம் ரத்தச் சிவப்பாகும். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடும், அதன் மேல் மெல்லிய முடி முளைத்திருக்கும். "என்ன க்ரீம் போடறீங்க?" என்று கேட்டால், "சும்மா நைட் க்ரீம்தான்" என்று ஹேண்ட்பேக்கிலிருந்து ட்யூபை எடுத்துக் காட்டுவார்கள். நிறுத்தவும் முடியாது. நிறுத்திய சில நாளில் முகம் எரியும், பரு கொத்தாகக் கிளம்பும், "பார், க்ரீம் போடாததால் வந்தது" என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் டாக்டர்கள் இதைத் தனி நோயாகவே வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுடைய சங்கம் தொடர்ந்து வலியுறுத்தியதற்குப் பிறகு 2018இல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் "வெள்ளையாகிற க்ரீம் குடுங்க" என்று கேட்டால் எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. தோழியிடமும் சொல்லுங்கள்: பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம், ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகட்டும்.

இந்தப் பெயர்கள் எதுவுமே இல்லாமல், தயாரித்தவர் முகவரிகூட இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம். அதில் பாதரசம் இருக்கலாம். 2023இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று தெரிய வந்தது. பூசியது முகத்தில், போய்ச் சேர்ந்தது கிட்னியில்.

இனி உங்கள் கழுத்து. அதில் அழுக்கு எதுவும் இல்லை, தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், பிஹெச் கணக்கில் 2 சுமாருக்கு இருக்கும் (அதில் 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). நம் தோலின் மேற்பரப்பு இயல்பில் 5 பக்கம். ஆப்ப சோடாக் கரைசலோ 8க்கும் மேல். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று வாங்கினால் தோல் எரியாமல் என்ன செய்யும்? எரிந்து புண்ணான இடம் ஆறும்போது நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு இன்னும் கறுக்கும். போதாததற்கு, எலுமிச்சையைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமே வரலாம். அந்தச் சாற்றில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுடும்.

கழுத்து மடிப்பில் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிறதா? அக்குளிலும் அதே கறுப்பு உண்டா? அப்படியென்றால் பெரும்பாலும் இது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும்போது தோல் செல்கள் வேகமாகப் பெருகி அந்த இடம் தடிக்கும், கறுக்கும். கல்யாண வேலைக்கு நடுவில் இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். ஆனால் 26 வயதில் கன்னத்தில் அடங்காத பருவும் கழுத்தில் கறுப்பும் சேர்ந்து இருக்கிறது என்கிறீர்கள். பீரியட்ஸும் தள்ளிப் போகிறது, தாடையில் முடி வருகிறது என்றால் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு சுகர், அதோடு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ஒரு காலை வேளையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தால் கழுத்து மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும். இருபது நாளில் நடக்காது. கவரிங் செயின் உரசிக் கறுத்திருந்தாலும் அப்படித்தான், செயினைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

முகூர்த்தத்தன்று என்ன செய்வது? மேக்கப் போட வரும் பெண்ணிடம் முகத்துக்கு நிறம் பார்க்கும் முன்பே கழுத்தையும் நெஞ்சுப் பக்கத்தையும் காட்டுங்கள். முகத்தை மட்டும் பார்த்து ரெண்டு ஷேடு ஏற்றிப் போட்டுவிட்டுத்தான் பல கல்யாண ஆல்பங்களில் தலையையும் உடம்பையும் ஒட்ட வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் சொந்த நிறத்திலேயே முகத்தை வைத்து, கழுத்துக்கும் அதே நிறத்தைப் பூசினால் வித்தியாசம் மறையும். ட்ரயல் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள்.

பொடுகு, பித்தவெடிப்பு இரண்டுக்கும் இருபது நாள் தாராளம். மெடிக்கலில் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு கிடைக்கும். வாரம் இரண்டு முறை, மண்டைத் தோலில் படும்படி தேய்த்து 5 நிமிஷம் விட்டு அலசுங்கள். நம் ஆட்கள் நுரை வந்ததும் அலசிவிட்டு "கேக்கவே இல்ல" என்பார்கள். ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை வாழ்வதே தலையின் எண்ணெய்ப் பசையில்தான், நாமே விருந்து வைக்க வேண்டாம். காலுக்கு, படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்து, கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் யூரியா கலந்த க்ரீமையோ வாசலினையோ பூசிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு வைத்துச் சீவாதீர்கள். தினமும் செய்தால் மெட்டி போடும் நாளுக்குள் வெடிப்பு மூடிவிடும்.

பருவுக்கு இந்த இருபது நாளில் புதிதாக எதையும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். நல்ல மருந்துகளில்கூடச் சில, முதல் சில வாரம் தோலைக் காய வைத்து உரிக்கும், பருவைக் கிளப்பிவிடும். கல்யாணத்தன்று நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருப்பீர்கள். கிள்ளாமல் இருங்கள். பகலில் 30 எஸ்பிஎஃப்பாவது உள்ள சன்ஸ்க்ரீன் போடுங்கள், பரு போன கறுப்பு இன்னும் அழுத்தமாகாமல் இருக்க அதுதான் முக்கியமான வழி. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூக்கில் பெரிதாக ஒன்று கிளம்பினால் தோல் டாக்டரிடம் ஓடுங்கள். பருவுக்குள் சின்னதாக ஒரு ஊசி போடுவார், ஓரிரு நாளில் அமுங்கிவிடும். அதில் இருப்பதும் ஸ்டீராய்டுதான் என்பது வேடிக்கை. ஆனால் அது அளந்து, ஒரே இடத்தில், ஒரே தடவை.

அம்மா சொன்ன கடலை மாவு எண்ணெய்ப் பசையை எடுக்கும், கெடுதல் இல்லை. பருவின் மேல் பரபரவென்று தேய்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

பார்லர் விஷயம். பரு இருக்கும் முகத்தில் ப்ளீச் வேண்டவே வேண்டாம், ஆஃபரில் கொடுத்தாலும். ஃபேஷியல் ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். த்ரெடிங் இரண்டு மூன்று நாள் முன்னால். தலைக்குக் கலர் அடிப்பதாக இருந்தால் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள்.

மெஹந்தியிலும் கவனம். உண்மையான மருதாணி எடுத்ததும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகச் சிவக்கும். அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கிறது என்று யாராவது கோன் விற்றால் அதில் பெரும்பாலும் ஹேர் டை ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு அந்த டிசைன் அப்படியே கையில் கொப்புளமாக எழும்பிவிடும். வைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு முதல் நாள் கையில் அதிகம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடலாம்.