நாள்பட்ட வலிக்கு மென்மையான அசைவுப் பயிற்சி தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்கள் உண்டா? அந்தப் பக்கம் எப்படி வந்தீர்கள்?

உண்டு. நான் சேலத்தில், அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கும் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) கடைசி ஆண்டு படிப்பதாகவும், வலிக்குக் கரண்ட் வைக்கும் மெஷினை நம்பாமல் இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிழைப்புக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் உடம்பை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு செய்யும் வேலைகள் அதிகம். குழித்தறியில் கால் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, ஒரு கை ஊடுநூலை ஓட்டும் நாடாவுக்கான கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் குனிந்த தலை நிமிராது. ஏற்காடு மலைக்கு ஏறினால், நவம்பர் பிறந்ததும் காப்பிப் பழம் பறிப்பு. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பில் பை. இவர்களில் பலர் ஊர் சுற்றிக் கடைசியில் எம்ஆர்ஐ கவரோடு வருவார்கள். "எல்4 எல்5 ஜவ்வு விலகிருச்சாம், தேய்மானமாம்" என்று அடிமுதுகு எலும்புகளின் ரிப்போர்ட்டைத் தங்கள் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

படிப்பு முடிந்து நான் சேர்ந்த கிளினிக்கில் கரண்ட் வைப்பது, வேக்ஸ் (சூடான மெழுகு ஒத்தடம்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைச் சிகிச்சை), பிறகு பயிற்சிகள் அச்சடித்த ஒரு தாள். புதிதாகப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலும் இதோடு போய்விடும். (இல்லாவிட்டாலும் போயிருக்கும் என்பது வேறு கதை.) மூன்று மாதத்தைத் தாண்டிய வலிதான் நாள்பட்ட வலி. அந்த ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு அவர்களைக் கண்டால் சலிப்பு. எனக்கு அவர்கள்தான் பிடிக்கும். எங்கே நடக்கும்போது மூச்சைப் பிடிக்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே மின்தடை. வந்திருந்தவர் தறி நெய்யும் ஒரு அம்மா, பல வருடத்து இடுப்புவலி. "கரண்ட் வெக்க மாட்டியா கண்ணு?" என்றார். வைப்பதற்கு கரண்டே இல்லை. சரி என்று பாயில் மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றச் சொன்னேன். சீனியர் ஒருவரிடம் பார்த்திருந்த ஒரு பாடத்தைச் செய்யவைத்தேன். இடுப்பெலும்பின் பின்பக்கம் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வால் எலும்புப் பக்கம் 6 மணி, அதற்கு நேர் மேலே இடுப்பு முதுகோடு சேரும் இடம் 12 மணி. எடையை 6-லிருந்து 12-க்கு மெதுவாக உருட்ட வேண்டும். 12 பக்கம் போகும்போது அடிமுதுகு பாயில் படியும், 6 பக்கம் வரும்போது லேசாக எழும்பும். அவ்வளவுதான்.

அந்த அம்மா முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு அழுத்தினார். "பாதி போதும்மா" என்றேன். பிறகு அதிலும் பாதி. வயிறு இறுகுவது நின்றது, பிடித்திருந்த மூச்சு வந்தது. அப்புறம் 3 மணி, 9 மணி என்று பக்கவாட்டில் உருட்டச் சொன்னபோது அவரே சொன்னார்: "இந்தப் பக்கம் வழுக்கிட்டுப் போகுது, அந்தப் பக்கம் தட்டித் தட்டி நிக்குது." தட்டிய பக்கத்தை விட்டுவிட்டு, வழுக்கும் பக்கத்தையே சின்னதாகச் செய்யவைத்தேன். எழுந்து நடந்தவர் வலி போய்விட்டது என்று சொல்லவில்லை. "இடுப்பு ஒண்ணு எனக்கு இருக்குன்னு தெரியுது" என்றார். எனக்கு இதுதான் வேலை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

இந்தப் பாடம் மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவரின் முறையைச் சேர்ந்தது. 1904-ல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர், பாரிஸில் படித்த பொறியாளர், இயற்பியலாளர், ஜூடோவில் கறுப்புப் பட்டை. கால்பந்தில் அடிபட்ட முட்டியைச் சரிசெய்யத் தன் அசைவையே கவனித்துக் கவனித்து இதை உருவாக்கினார். 1984-ல் டெல் அவிவில் காலமானார். சின்னதாக, மெதுவாகச் செய்யச் சொல்வதற்கு அவர் காட்டிய காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது. தலையில் அரிசி மூட்டை இருக்கும்போது இன்னொரு பிடி அரிசி போட்டால் தெரியாது, வெறும் கையில் பத்து அரிசி விழுந்தாலும் தெரியும். முயற்சி குறைந்தால்தான் வித்தியாசம் உறைக்கும். நாள்பட்ட வலியில் காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் கூர்மையாகவே நின்றுவிடுவதுண்டு. வலி கிளம்பும் எல்லைக்கு முன்பே நின்று, பயமில்லாமல் பலமுறை அசைந்தால் அந்தக் கூர்மை சிலருக்குத் தணிகிறது.

எம்ஆர்ஐ பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. ஜவ்வுத் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம். நரை மாதிரி ஒன்று என்று நோயாளியிடம் சொன்னாலே முகம் மாறும்.

ஆனால் இந்த முறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலிய அரசு 2015-ல் பரிசீலித்து, ஃபெல்டன்கிரைஸுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. 2019 ஏப்ரலில் அதற்கான தனியார் காப்பீட்டுச் சலுகையையும் நிறுத்தியது. இருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டு, 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. பயந்துபோனவரை அந்த உடற்பயிற்சி வரை கைபிடித்து அழைத்துப்போகத்தான் நான் இதை வைத்திருக்கிறேன். தெம்பு வந்த பிறகு எடை தூக்கவும் வைக்கிறேன். சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது என்று யாராவது வந்தால் பாயை விரிக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

பட்டத்தை முடிக்காமல் இந்தப் பக்கம் ஓடிவராதீர்கள். ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி சுமார் 800 மணி நேரம், மூன்று நான்கு வருடம் இழுக்கும், செலவும் அதிகம். அந்தச் சான்றிதழ் பிபிடிக்கு ஈடாகாது. அதற்கு முன், வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தில் வேலை கிடைத்தால் போங்கள். மனிதர்கள் தங்கள் வீட்டில், தங்கள் கட்டிலிலிருந்து எப்படி எழுகிறார்கள் என்பதைக் கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

பிழைப்பு? மெஷினை நான் விற்கவில்லை. கேட்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அப்புறம் பாய். வருமானத்துக்கு மாலையில் குழு வகுப்பு. பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்குக் கட்டணம் குறையும், பட்டறைக்காரர்களும் வருவார்கள். பெண்களுக்குத் தனி நேரம் வையுங்கள், சுடிதாரோ நைட்டியோ போட்டு வரச் சொல்லுங்கள், சேலையோடு உருள முடியாது. கனமான பாய்கள் வாங்குங்கள். இடம் பார்த்தால் தரைத்தளத்தில் பாருங்கள். மாடியில் வாடகை குறைவுதான், ஆனால் முட்டிவலிக்காரர் படியேறி வரமாட்டார்.