முகம் முதல் நாளே தெரியும், ஜாக்கெட் பிறகுதான்

கேள்வி: முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்த 1/6 அளவு திரைப்பட ஃபிகர் (நிஜ மனிதரில் ஆறில் ஒரு பங்கு உயரத்தில், திரைப்படப் பாத்திரத்தை அப்படியே வடித்த சேகரிப்பு பொம்மை) வந்துவிட்டது. விளம்பரப் படத்தில் பார்த்த முகம் இது இல்லை. ஒரு கண் எங்கோ பார்க்கிறது. ஜாக்கெட் செயற்கைத் தோல், சில வருடங்களில் உரிந்துவிடும் என்கிறார்கள். வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விளம்பரப் படங்களில் இருப்பது பெரும்பாலும் கைதேர்ந்த ஓவியர் நேரம் எடுத்து வண்ணம் தீட்டிய மாதிரி உருவம். உங்களுக்கு வந்தது தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரானது. கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கண் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மனிதக் கருவிழியின் அகலம் சுமார் 12 மி.மீ., இந்த அளவில் 2 மி.மீ. முகத்தில் அச்சிட்ட கண் அரை மி.மீ. விலகினாலே நிஜ மனிதரில் 3 மி.மீ. விலகிய மாதிரி. மாறுகண் விழுந்துவிடும்.

அதற்கு முன் பார்க்கும் விதத்தைச் சரி பாருங்கள். ஃபோனை 10 செ.மீ. பக்கத்தில் வைத்து எடுத்தால், ஒரு ஆளின் மூஞ்சிக்கு 60 செ.மீ. தூரத்தில் கேமராவை நீட்டியதற்குச் சமம். மூக்கு பெரிதாகும், பார்வை பிசகும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிகரின் கண்மட்டத்தில், ஓர் அடி தள்ளி வெறும் கண்ணால் பாருங்கள். சில ஃபிகர்களில் கண்மணி தனியாகத் திரும்பும். உங்களுடையது அப்படியா என்று கையேட்டில் பார்த்துத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. அச்சிட்ட கண்ணாக இருந்து அப்போதும் கோணலாகத் தெரிந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கன்னத்தில் லேசான திட்டு, சிவப்பு எல்லாம் குறையல்ல. தோல் உயிரோடு தெரிவதே அதனால்தான். ஒரே வண்ணத்தில் வழவழவென்று இருந்தால்தான் பொம்மை.

ஜாக்கெட்தான் எனக்குக் கவலை. செயற்கைத் தோலின் மேல்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும். பெட்டியிலேயே பூட்டி வைத்தாலும் இது நிற்காது. என் அலமாரியில் ஒரு நீளக் கோட்டு முழங்கை மடிப்பில் தொடங்கி, கறுப்புச் செதில் செதிலாகக் கொட்டியது. அதை அணிந்த ஃபிகரின் முகம் இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது, என்ன செய்ய! எனவே கையை மடக்கி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். நேர்வெயில் படாத, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிய இடம் போதும். எண்ணெய், ஷூ பாலிஷ் எதுவும் தடவ வேண்டாம்.

துணியின் தரத்துக்குத் தையலைப் பாருங்கள். ஒரு தையல் 1.5 மி.மீ. நீளம் என்றால் மனித அளவில் 9 மி.மீ., சாக்குப் பை தைத்தது போலிருக்கும். துணியும் மெல்லியதாக இருந்தால்தான் மடிப்பு இயல்பாக விழும்.

அப்புறம், கறுப்பு, அடர்சிவப்புத் துணிகளின் சாயம் உடம்பின் மென்மையான பிளாஸ்டிக்கில் ஏறிவிடும், தேய்த்தால் போகாது. கழுத்து, மணிக்கட்டு ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து வந்திருந்தால் அது இதற்காகத்தான். கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், கண் சரியாகிவிட்டால் வைத்துக்கொள்வேன். ஆனால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஜாக்கெட்டின் முழங்கை, அக்குள், காலர் மடிப்பு மூன்றையும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். மயிரிழை விரிசல் இப்போதே தெரிந்தால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.