பெயர்ப் பலகையும் பிடியரிசியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் நினைவாக எங்கள் ஆலயத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்து ஒரு கல்வெட்டும் வைக்கலாம் என்று பிள்ளைகள் நால்வரும் முடிவெடுத்தோம். இப்போது யார் பெயர் முதலில் வர வேண்டும், மருமக்கள் பெயரும் வேண்டுமா என்பதில் பெரிய மனஸ்தாபம். அண்ணன் போனையே எடுப்பதில்லை. பெயர் போடுவதே தவறா?
ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பெயர் போடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. மின்விசிறி, பெஞ்சு, குழல் விளக்கு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலும் 'இன்னார் நினைவாக' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம், அதில் பெரும்பாலானவை உண்மையான பாசத்தோடு கொடுக்கப்பட்டவை. ஆனால் அப்பாவுக்காகத் தொடங்கிய காரியத்தில் இப்போது அப்பாவைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் என்ன வேலை பார்த்தார், எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை நால்வரும் ஒருமுறை வாசியுங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற விசுவாசிப் பெண் இறந்துவிடுகிறாள், குளிப்பாட்டி மேல்வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு வந்து நிற்கும்போது அங்கிருந்த விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசியதாக வேதம் சொல்லவில்லை. அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். தொற்காள் விட்டுப்போனது என்ன என்பது அந்தத் துணிகளைப் பார்த்தாலே பேதுருவுக்குத் தெரிந்திருக்கும்.

நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு டோனாவூர் தெரிந்திருக்கும். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அங்கேதான் ஆதரவற்ற பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார், 1931-ல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு கடைசிவரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார், சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1951-ல் அவர் இறப்பதற்கு முன்பே, தன் கல்லறையில் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாங்கள் அவரைத் தாயாகக் கூப்பிட்ட ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள். முழுப்பெயர் கிடையாது, பட்டம் கிடையாது.

நம் வீடுகளிலும் இதற்கு ஒரு வழக்கம் உண்டே. உலையில் அரிசி போடுவதற்கு முன் நம் பாட்டிமார் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள், அன்றைக்கு வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் அந்தப் பிடி போய்விடும். பிறகு அதைக் கொண்டுபோய் ஆலயத்தில் கொடுத்தால் எல்லார் அரிசியும் ஒரே சாக்கில் விழும். வெள்ளை அரிசி, சிவப்பரிசி, கொஞ்சம் கல்லும் இருக்கும், எது யார் வீட்டு அரிசி என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

அதனால் என் யோசனை இதுதான். ஒலிபெருக்கியைக் கொடுங்கள், போட்டால் அப்பா பெயரை மட்டும் போடுங்கள், 'அன்புடன் வழங்குவோர்' என்ற வரியே வேண்டாம். அண்ணன் போன் எடுக்கவில்லை என்றால் நேரில் போய், "அண்ணே, என் பெயர் வேண்டாம்" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அப்பாவால் உதவி பெற்ற குடும்பம் ஏதாவது இன்னும் கஷ்டத்தில் இருக்கிறதா என்றும் அப்போதே அவரிடம் கேட்டுப் பாருங்கள், மூத்த பிள்ளைக்கு இந்த விஷயமெல்லாம் தெரிந்திருக்கும்.

கேள்வி: மாமியார் படுத்த படுக்கையாகிப் பல வருடம் ஆகிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். கொழுந்தன்மார் இரண்டு பேர் இதே ஊரில் இருந்தும் எட்டிப் பார்ப்பதில்லை. முடியவில்லை என்று சொன்னால், "சிலுவையைச் சுமக்கிறீங்க, ஆண்டவர் பலன் கொடுப்பார்" என்கிறார்கள். நான் தன்னலக்காரியா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை சகோதரி, இல்லவே இல்லை. உங்களிடம் அப்படிச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று என்றார் இயேசு, அடுத்தவர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டு ஆறுதல் சொல்லச் சொல்லவில்லை. தம் ஜீவனைக் குறித்தே அவர் சொன்னதை யோவான் 10:18-ல் பாருங்கள். ஒருவனும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்கிறார். மனமுவந்து கொடுப்பது தியாகம். ஊரே சேர்ந்து ஒருத்தியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது அநியாயம்.

யாத்திராகமம் 17-ல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசே கையை உயர்த்தி நிற்கிறார், நேரம் ஆக ஆகக் கை அசந்துபோகிறது. இன்னும் கொஞ்சம் விசுவாசம் வேண்டும் மோசே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு கல்லை எடுத்துப்போட்டு உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் ஒரு பக்கம் கையைத் தாங்கிப்பிடிக்கிறார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரை. உங்களுக்குத் தேவை அந்தக் கல்லும் இரண்டு ஆளும்.

உங்கள் கணவரையும் கூட வைத்துக்கொண்டு கொழுந்தன்மாரிடம் நேரடியாகப் பேசுங்கள், "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாள், எந்த நேரம், யார் என்று கேளுங்கள். வர முடியாதவர் பகலில் ஒரு ஆள் வைக்கப் பணம் தரட்டும். அதற்கும் அசையாவிட்டால் ஆயரிடம் சொல்லுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி கலாத்தியர் 6:2-ல் எழுதியிருப்பது சபைக்கும்தான், பெண்கள் ஐக்கியத்திலிருந்து வாரம் ஒரு மத்தியானம் யாராவது வந்து உட்கார்ந்தால் நீங்கள் தூங்கலாம். இயேசுவே ஜனங்கள் தேடி வந்த நேரத்தில் தனித்துப் போயிருக்கிறார், லூக்கா 5:16-ல் இருக்கிறது.

கேள்வி: ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பின் என்னை நினைக்க யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் இப்போது அடிக்கடி வருகிறது.
ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, இந்த எண்ணம் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோமர் 16-ல் பவுல் வாழ்த்துச் சொல்லும்போது ரூபையும் அவனுடைய தாயையும் வாழ்த்துங்கள் என்கிறார், அந்தத் தாய் எனக்கும் தாய் என்கிறார். அந்த அம்மா பவுலுக்கு என்ன செய்தார், சோறு போட்டாரா, காய்ச்சலில் பார்த்துக்கொண்டாரா என்று எழுதவில்லை, பெயர்கூட இல்லை. ஆனால் பவுல் மறக்கவில்லை.

ஐடா ஸ்கடரும் திருமணம் செய்துகொள்ளாதவர்தான். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்டார்கள். அவர் அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அமெரிக்காவில் வேறு வாழ்க்கையை நினைத்திருந்த அவர் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார், 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஊழியம் கொள்ளும்படி அல்ல, ஊழியம் செய்யும்படி என்ற கருத்துள்ள இயேசுவின் வார்த்தைதான் அதன் குறிக்கோள்.

நீங்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ வாசித்துக்கொண்டும் கணக்குப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள், அதில் உங்கள் பங்கு உண்டு. மனம் கனக்கும் சாயங்காலங்களில் தெருப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கும் நல்லது.

கேள்வி: எனக்கு நீளமாக ஜெபிக்க வராது. ஜெபக் கூட்டத்தில் மற்றவர்கள் வசனம் வசனமாகச் சொல்லி ஜெபிக்கும்போது என் முறை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: பயப்படவே வேண்டாம். தண்ணீரில் மூழ்கப்போன பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றதோடு சரி, உடனே இயேசு கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். இயேசு சொன்ன உவமையில் வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று ஒரே வரிதான் சொன்னான், நீதிமானாக வீட்டுக்குப் போனவன் அவன்தான். நெகேமியா இன்னும் ஒரு படி மேலே, ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஜெபித்துவிட்டார்! அதிகம் பேசுவதால் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்று மத்தேயு 6-ல் சொல்லிவிட்டுத்தான் இயேசு பரமண்டல ஜெபத்தையே கற்றுக்கொடுத்தார், அதை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நீளமாக ஜெபிப்பவர்களைக் குறைவாகவும் நினைக்க வேண்டாம், சிலருக்கு அப்படித்தான் மனம் திறக்கும், இயேசுவும் ராமுழுதும் ஜெபித்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் உங்கள் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தேவை என்று நினைத்துப் பாருங்கள். பரீட்சையோ, அவர் அம்மாவின் உடம்போ, அதை மட்டும் நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, ஆமென் சொல்லி உட்காருங்கள்.