நீளமான, குறுகலான ஹாலில் டிவியும் ஸ்பீக்கரும் எங்கே வைப்பது?

10க்கு 18 அடி ஹால், ஒரு நீளச் சுவரில் ஜன்னல், எதிர்ச் சுவரில் இரண்டு கதவுகள், 55 இஞ்ச் டிவி என்கிறீர்கள். சரி, குறுகிய சுவரிலேயே மாட்டுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பகலில் படத்தைவிட வெளிச்சம்தான் தெரியும். சோபாவுக்கு ஏழெட்டு அடி தூரம் போதும். பின்னால் சாப்பாட்டு மேசை போடலாம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்கு வரட்டும்.

ஸ்பீக்கரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 10 அடிச் சுவரில் 7 அடி இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். மூலையில் தள்ளிவிடாதீர்கள், பேஸ் (அடித்தொண்டை போன்ற கனத்த ஒலி) வீங்கி வசனம் அமுங்கிவிடும். ஜன்னல் கண்ணாடியில் ஒலி பட்டுத் திரும்பும்; கனமான திரைச்சீலை நன்றாக உதவும்.

அப்புறம், துளை போடுவதற்கு முன், உங்கள் டிவி திரையின் அளவான 48க்கு 27 இஞ்சில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் பாருங்கள்.