உப்புக்காற்று ஊரில் ஒரு மின்கிற்றார்

வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்புக்குக் கிற்றார் புதிய விருந்தாளி அன்று. பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் வயலினோடு சேர்ந்து அது நெடுங்காலமாக ஒலித்துவந்திருக்கிறது. ஆயினும் அண்மையில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மரக்கிற்றாரை விட்டு மின்கிற்றாரைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

கேள்வி: ஐயா, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுவில் மரக்கிற்றார் வாசித்து வருகிறேன். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் நவீன, உயர்திறன் மின்கிற்றார் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். பழைய வகையிலிருந்து இவை எதில் வேறுபடுகின்றன? ஃபுளோயிட் ரோஸ் பிரிட்ஜ் உள்ளதை வாங்கலாமா? கொழும்பில் வாங்குவதா, கனடாவிலுள்ள சித்தப்பா மூலம் எடுப்பிப்பதா?
– ஒரு வாசகர், கல்லடி

பதில்: 1954ஆம் ஆண்டு ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவத்தை வைத்துக்கொண்டே, 1980களில் சிலர் கழுத்தை மெலிதாக்கி, விரற்பலகையின் வளைவைக் குறைத்து, பிரெட் எனப்படும் மெட்டுகளை 21 அல்லது 22இலிருந்து 24 ஆக உயர்த்தி, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் ஒலி தடித்த இரட்டைச் சுருள் வகையையும் பொருத்தினார்கள். 1987இல் வந்த இபனெஸ் ஆர்ஜி வரிசை இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. விரற்பலகை தட்டையாக இருப்பதால் தந்திகளை அதற்கு மிக அருகில் இறக்கி வைக்கலாம். அப்படி இறக்கிய பின்னரும் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது மேல்மெட்டில் முட்டி ஒலி செத்துப்போவதில்லை. மரக்கிற்றாரின் தடித்த தந்திகளோடு பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டிய உங்கள் விரல்களுக்கு முதல் சில வாரங்கள் இது தொல்லையாகவே இருக்கும். பழைய அழுத்தத்தை இங்கே கொடுத்தால் ஒவ்வொரு சுரமும் சற்று உயர்ந்து ஒலிக்கும்; கிற்றாரில் சுருதி நிற்கவில்லை என்று நீங்கள் கடைக்காரரைக் குறை சொல்வீர்கள். கையைத் தளர்த்தப் பழகுவதுதான் இதற்கு மருந்து.

இவற்றை விட, கடந்த இருபது ஆண்டுகளில் பரவலான இரண்டு மாற்றங்களே நம் ஊருக்குப் பெரிதும் உதவுகின்றன. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடியில், மாரியில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்குகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே மரம் காய்ந்து சுருங்குகிறது. கிற்றாரின் கழுத்து ஒரு பருவத்தில் முன்னோக்கியும் மறு பருவத்தில் பின்னோக்கியும் வளைவதற்கு இதுவே காரணம். ஒக்சிசன் மிகக் குறைந்த சூளையில் வறுத்தெடுத்த மேப்பிள் மரத்தால் கழுத்தைச் செய்தால், அது ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அடுத்தது துருப்பிடிக்காத உருக்கினாலான மெட்டுகள். வழமையான மெட்டுகள் ‘நிக்கல் சில்வர்’ என்ற உலோகத்தால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பவை செம்பும் நிக்கலும் நாகமுமே. அவை தந்தி உரசி உரசிப் பள்ளம் விழுபவை, நம் காற்றில் பச்சை பூப்பவை. உருக்கு மெட்டோ பல ஆண்டுகளுக்குத் தேய்வதில்லை. தந்தியைத் தள்ளும்போது எண்ணெய் தடவியதுபோல வழுக்கியும் செல்கிறது. நீங்கள் கேட்ட உயர்திறனை இந்த வழுக்கலில்தான் முதன்முதலாக உணர்வீர்கள்.

ஆகவே உங்கள் பணம் கழுத்திலும் மெட்டிலும், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலும் போகட்டும். பிக்கப்பின் ஒலி பிடிக்காவிட்டால், ஈயப்பற்று வைக்கத் தெரிந்த ஒரு ரேடியோ திருத்துநரும் ஒரு பிற்பகலும் போதும், மாற்றிவிடலாம். கழுத்தை மாற்றவோ மெட்டுகளைப் புதிதாக அடிக்கவோ தேர்ந்த கையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கடைகளில் பலரும் இதற்கு நேர்மாறாக, பளபளக்கும் மேற்பலகையையும் பிக்கப்பின் பெயரையும் பார்த்தே விலை கொடுக்கிறார்கள்.

ஃபுளோயிட் ரோஸ் பற்றி நான் நடுநிலையான பதில் தரப் போவதில்லை: முதல் மின்கிற்றாருக்கு அது வேண்டாம். அந்த அமைப்பு தந்தியைக் கழுத்தின் தலைப்பக்கமுள்ள நட் முனையிலும் பிரிட்ஜ் முனையிலும் திருகால் பூட்டிவிடுவதால், பிரிட்ஜோடு இணைந்த கைப்பிடியை அமுக்கித் தந்திகள் தொங்கும் அளவுக்குத் தளர்த்தினாலும், விட்டவுடன் சுருதி பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. வியப்பான பொறியியல்தான். ஆனால் அந்த பிரிட்ஜ் இரண்டு கூர்விளிம்புகளில் தாங்கி மிதக்கிறது. ஒரு புறம் தந்திகளும் மறு புறம் உடலுக்குள் இருக்கும் சுருள்விற்களும் இழுக்க, இரண்டும் சமமாக இருக்கும் வரையில்தான் அமைதி. வழமையான 10–46 அளவுத் தந்தித் தொகுதி (மெல்லிய தந்தி முதல் தடித்த தந்தி வரையான தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) ஒன்றின் இழுவிசை ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமமானது. அதில் ஒரு தந்தி அறுந்தால் விற்களின் கை ஓங்கி, மீதி ஐந்தும் ஒரே நேரத்தில் சுருதி ஏறிவிடும். கோயில் திருவிழா மேடை ஒன்றில் எனக்கு இது நேர்ந்தபோது, மீதி நிகழ்ச்சி முழுவதும் தபேலாக்காரருக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சிரா தட்டினேன். பாடகரின் குரலுக்காக ஆறாம் தந்தியை மட்டும் ஒரு சுரம் இறக்குவதும் இதில் எளிதன்று. ஒன்றைத் தொட்டால் ஆறும் அசையும். பாடகர் குழுவில் வாசிப்பவருக்கு அசையாத பிரிட்ஜும் பூட்டும் வசதியுள்ள முறுக்காணிகளும் போதுமானவை.

எங்கே வாங்குவது என்பதில், கையில் எடுத்து வாசித்துப் பார்க்கும் வாய்ப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போனால், கடையில் அம்பிளிஃபயரில் செருகுவதற்கு முன்பே கிற்றாரைச் சோதியுங்கள். கழுத்தை அதன் நீளவாக்கில் ஒரு கண்ணால் நோக்குங்கள். முறுக்கம் இருந்தால் அப்போதே தெரியும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்காவது சரசரப்போ செத்த ஒலியோ இருக்கிறதா என்று கேளுங்கள். 12ஆம் மெட்டில் தொட்டு எழுப்பும் மெல்லொலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறிது வேறுபட்டால் பிரிட்ஜில் சரிசெய்யலாம், சரிசெய்ய அங்கே இடமே மிச்சமில்லை என்றால் வேறு கிற்றாரைக் கேளுங்கள். விரலைக் கழுத்தின் ஓரமாக ஓட்டும்போது மெட்டு நுனிகள் கீறினால், மரம் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

சித்தப்பா மூலம்தான் எடுப்பிப்பதென்றால் கடினமான பெட்டியோடு எடுப்பியுங்கள். சுங்கத் தீர்வையை முன்கூட்டியே விசாரியுங்கள். பெட்டி வந்து சேர்ந்ததும் அரை நாள் திறக்காமல் வையுங்கள், நம் வெப்பத்துக்கு மரம் மெதுவாகப் பழகட்டும். அம்பிளிஃபயரை மட்டும் அங்கிருந்து கொண்டுவர வேண்டாம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நம் சுவரில் அதைச் செருகிய மறுகணம் புகை வந்தால் சித்தப்பாவைக் கோபிப்பதில் பயனில்லை.

வாங்கிய பின் ஒன்றைச் செய்து பாருங்கள். அம்பிளிஃபயரில் ஒலியைச் சற்றுக் கரகரப்பாக வைத்துவிட்டு, கிற்றாரில் உள்ள ஒலிக்குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். கரகரப்பு விலகி, பாடலின் சரணத்துக்கு ஏற்ற தெளிந்த ஒலி வரும். பல்லவிக்குத் திரும்பும்போது சுண்டுவிரலால் குமிழைத் திருப்பினால் போதும். மரக்கிற்றாரில் கையின் வலுவால் மட்டுமே செய்துவந்ததை இங்கே ஒரு குமிழாலும் செய்யலாம் என்பது விளங்கியபின், ஒலியை மாற்றும் மற்றப் பெட்டிகளையும் கால்மிதிகளையும் வாங்கும் அவசரம் உங்களுக்குத் தணிந்துவிடும்.

கேள்வி: நான் வீணை பயிலும் மாணவி. மின்கிற்றாரில் கமகங்களை உண்மையாக வாசிக்க முடியுமா? அதற்கு எத்தகைய கிற்றார் வேண்டும்?
– ஒரு வாசகி, காரைதீவு

பதில்: பண்டைய யாழின் சுருதிக் கணக்குகளை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து இக்கேள்வி வருவது பொருத்தமே. நவீன கிற்றாரிலும் உங்கள் வீணையைப் போலவே 24 மெட்டுகள் இருக்கின்றன. இரண்டு ஸ்தாயிகள் ஒரே தந்தியில் கிடைக்கும். வேறுபாடு மெட்டின் உயரத்தில் இருக்கிறது. வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டில் தந்தியை இழுத்து நான்கைந்து சுரங்களைத் தொடலாம். கிற்றாரில் 9 அளவு மெல்லிய தந்தியைப் போட்டாலும் இரண்டு அல்லது மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் தள்ளுவது கடினம். எனவே வீணையில் ஒரே மெட்டில் இழுப்பதைக் கிற்றாரில் பெரும்பாலும் வழுக்கிச் சென்றே பிடிக்க வேண்டியிருக்கும். மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய விரற்பலகையும் உண்டு; விரல் மரத்தில் படாததால் தந்தியை இழுப்பது எளிதாகும், ஆனால் அழுத்தம் சிறிது கூடினாலும் சுருதி ஏறிவிடும்.

உங்களைப் போன்றவருக்கு அசையாத பிரிட்ஜே வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியைத் தள்ளும்போது மற்றத் தந்திகளின் சுருதி இறங்குகிறது. சட்ஜ பஞ்சமத்தைத் திறந்த தந்திகளில் ஒலிக்கவிட்டு மேலே ராகம் வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிற்றாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்குகளாக வெட்டுபவை. தம்பூரா சுருதியோடு ஒத்துநிற்கும் அந்தர காந்தாரத்தை விட, கிற்றாரின் மெட்டு தரும் காந்தாரம் அரைச்சுரத்தில் நூற்றுக்கு 14 பங்கு கூடுதலாக இருக்கும். காது பழகியவருக்கு இது உறுத்தும். தந்தியைத் தள்ளினால் சுருதி ஏறுமேயன்றி இறங்காது. ஆகையால் காந்தாரம் நீளும் இடங்களில் ஒரு மெட்டுக் கீழிருந்து தள்ளிப் பிடிப்பதே வழி. மேலைநாட்டு மின்வாத்தியம் ஒன்று கருநாடக இசைக்கு இணங்குமா என்ற ஐயத்துக்கு, இரட்டைத் தந்திகள் பூட்டிய மண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினாக்கி வாசித்த உ. ஸ்ரீநிவாஸ் தம் சிறுவயதிலேயே விடை சொல்லிவிட்டார்.

கேள்வி: அம்பிளிஃபயரை இயக்கினால் ஓயாத இரைச்சல் கேட்கிறது. சில வேளை தந்தியைத் தொட்டால் சுரீர் என்று கையில் அடிக்கிறது. பிக்கப்பை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள், இரண்டாவதை முதலில் கவனியுங்கள். கிற்றாரின் தந்திகள் கேபிள் வழியாக அம்பிளிஃபயரின் புவி இணைப்போடு சேர்ந்திருப்பவை. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு, கையில் அடிப்பது ஆபத்து. மூன்று முனைச் செருகியை இரண்டு முனைத் துளைக்குள் ஏதோவொரு வழியில் பொருத்தியிருந்தாலோ, வீட்டின் புவிக்கம்பி அறுந்திருந்தாலோ இவ்வாறு நேரும். தகுதியுள்ள மின்னியலாளர் வந்து புவி இணைப்பையும் ட்ரிப் சுவிட்சையும் அம்பிளிஃபயரையும் சோதிக்கும் வரை அதைச் செருகவே வேண்டாம். குறிப்பாக, கிற்றாரைப் பிடித்தபடி உலோக மைக்கில் வாய் வைத்துப் பாடாதீர்கள்.

இரைச்சலுக்கு வருவோம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுச் செப்புக்கம்பி சுற்றிய சுருள். தந்தியின் அதிர்வை அது மின்னோட்டமாக மாற்றுகிறது. அதே வேளை, வீட்டு வயரிங்கிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் முனகலையும் பிடித்துக்கொள்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து, முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்தார். உங்களுடையது ஒற்றைச் சுருள் என்றால் மாற்றுவதில் பயன் உண்டு. அதற்கு முன், ரியூப் விளக்கையும் போன் சார்ஜரையும் அணைத்து, கிற்றாரோடு சற்றுத் திரும்பி நின்று பாருங்கள். பாதி இரைச்சல் அப்போதே போய்விடக்கூடும்.

கேள்வி: ஐயா, பதினான்கு வயது மகன் மின்கிற்றார் கேட்டு அடம்பிடிக்கிறார். பக்கத்து வீட்டில் நோயாளி ஒருவர் இருக்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கல்முனை

பதில்: அம்மா, செருகாத மின்கிற்றாரின் ஒலி மரக்கிற்றாரை விட மிகக் குறைவு, அடுத்த அறைக்கே சரியாகக் கேட்காது. ஹெட்ஃபோன் செருகும் வசதியுள்ள, மின்கலத்திலும் இயங்கும் சிறிய அம்பிளிஃபயர் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில் இத்தகைய சிறுபெட்டிகள் வைத்திருந்தவர்களே பயிற்சியை விடாமல் இருந்தார்கள். முதற் பகுதியில் நான் வர்ணித்த உயர்விலைக் கிற்றார் மகனுக்கு இப்போது தேவையில்லை. தந்தி உயரம் சரியாக இறக்கப்பட்ட எளிய கிற்றாரே போதும். 12ஆம் மெட்டில் தடித்த தந்திக்குக் கீழே இரண்டு மில்லிமீற்றர் அளவில் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் கடையில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. மூன்று வாரத்தில் தந்தி கறுத்துவிடுகிறது.
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள், கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மெல்லிய பூச்சுள்ள தந்திகள் விலை கூடியவை என்றாலும் உங்கள் ஊரில் கட்டுப்படியாகும்.

கேள்வி: ஏழு தந்திக் கிற்றார் வாங்கலாமா?
– ஒரு வாசகர், வாழைச்சேனை

பதில்: உங்கள் கடிதத்தின் பின்பகுதியில், ஆறு தந்திக் கிற்றாரில், ஒரே விரலால் பல தந்திகளையும் அழுத்தும் பார் கோர்ட் இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழாவது தந்தி கழுத்தை அகலமாக்கும். அதைச் சுற்றிப் பிடிப்பது இன்னும் கடினமாகும். அடுத்த மாரி வரட்டும்.