டைகர் டாங்கில் வாஷ் திட்டுத்திட்டாகப் படிந்தால்

நண்பரே, உங்க 1/35 அளவு டைகர் டாங்க் பிளாஸ்டிக் மாடலில் எனாமல் வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்டப் பூசும் நீர்த்த பெயிண்ட்) திட்டாகப் பரவியதாகவும், சக்கர அச்சு வெடித்ததாகவும் சொல்லியிருந்தீங்க. வாஷ் திட்டானது மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டால்தான். சொரசொரப்பான பரப்பு வாஷை உறிஞ்சிக்கொள்ளும். அடிப்பூச்சு அக்ரிலிக் என்பதால் சரிசெய்யலாம், பதறாதீங்க. தட்டைத் தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் (எனாமலைக் கரைக்கும் தின்னர்) நனைத்து, துணியில் ஒற்றி, லேசான ஈரத்தோடு மேலிருந்து கீழாக இழுங்க. பக்கத் தகட்டில் மிஞ்சும் கறை மழைநீர் வழிந்த தடம் மாதிரியே நிற்கும், அதை விட்டுவிடுங்க.

பிறகு அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் மெல்லிசாக 2 கோட். ஒரு நாள் காயட்டும். அடுத்த வாஷை முழுசாகப் பூசாமல், தூரிகை நுனியால் போல்ட் தலையைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் மட்டும் தொடுங்க, தானே ஓடிப் பிடிக்கும்.

சக்கர அச்சு வெடித்ததற்குக் காரணம் வாஷில் இருக்கும் தின்னர்தான். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அது தேங்கினால் விரிசல் விடும். அதை ஒட்ட மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளி போதும். புழுதி மாதிரி காட்டும் பிக்மென்ட் தூளை மேட் வார்னிஷுக்குப் பிறகே போடுங்க. முன்னால் போட்டால் நிறம் மங்கிவிடும்.